அத்தியாயம் 3: அளக்காமல் மாற்றாதீர்கள்

மொரிஸ் மைனரைத் தன் கையாலேயே பராமரிக்க விரும்புகிறவர் ஸ்பனர் பெட்டிக்கு முன்னதாக வாங்க வேண்டியது ஒரு பீலர் கேஜ். விசிறிபோல் விரியும் மெல்லிய உருக்குத் தகடுகள். ஒவ்வொன்றிலும் அதன் தடிப்புப் பொறிக்கப்பட்டிருக்கும். அதோடு ஒரு மல்ரிமீற்றர், ரயர்க் காற்றை அளக்க ஒன்று, சிலிண்டரின் அமுக்கத்தை அளக்க ஒன்று. இந்த நான்கில் எதுவும் ஒரு நட்டைக்கூடக் கழற்றாது. ஆனாலும் இவை கையில் இல்லாமல் கழற்றத் தொடங்குகிறவர் நோய் தெரியாமல் மருந்தை மாற்றிக்கொண்டிருப்பார். "இழுக்குதில்லை, பெரிய எஞ்சின் போடலாம்", "பிறேக் பிடிக்குதில்லை, டிஸ்க் போடலாம்", "சூடாகுது, தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறியலாம்" என்று பழைய கார்க்காரர் கூடும் இடமெல்லாம் கேட்கும் மூன்று பேச்சிலும் ஒரே பிழைதான் இருக்கிறது. இழுக்காததும் பிடிக்காததும் சூடாவதும் அந்தக் காரின் பிறவிக் குணமா, அல்லது அறுபது வருட ஓட்டத்தில் அது இழந்துவிட்ட அளவுகளா என்று யாரும் பார்க்கவில்லை. தயாரித்தவர்கள் குறித்த அளவுக்குக் காரைத் திரும்பக் கொண்டுவந்த பிறகும் எந்தக் குறை மிஞ்சுகிறதோ, அதற்கு மட்டுமே மாற்றம் வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். அப்படி மிஞ்சுபவை சில உண்டு. ஆனால் அவை பேச்சில் அடிபடுபவை அல்ல.

தேய்வதற்கென்றே செய்த கார்

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மைனர் 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது. உற்பத்தி நெருங்கிய வேளையில் அதன் அகலம் அவருக்குத் திருப்தி தரவில்லை. மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, நான்கு அங்குலம் அகட்டி வைத்துப் பார்த்தார். பொனற்றின் நடுவே ஓடும் மேடான பட்டை அந்த வெட்டின் தழும்பு. முதல் எஞ்சின் 918 சீசீ பக்கவால்வு எஞ்சின். 1952இல் 803 சீசீ அளவில் 'ஏ வரிசை' எஞ்சின் வந்தது. 1956இல் அது 948 சீசீ ஆகி 37 குதிரைவலுவும், 1962இல் 1098 சீசீ ஆகி 48 குதிரைவலுவும் தந்தது. 1971இல் உற்பத்தி ஓய்ந்தபோது ஏறத்தாழ 16 இலட்சம் கார்கள் வெளியேறியிருந்தன. இலங்கை வீதிகளில் இன்றும் ஓடுபவற்றில் 948, 1098 என்ற இரண்டு எஞ்சின்களே பெரும்பாலும் காணக்கிடைக்கும். ஆகவே இந்த அத்தியாயத்தின் எண்கள் அவற்றுக்கானவை.

இந்தக் காரை விளங்கிக்கொள்ள ஒரு விடயம் போதும். இன்றைய கார் தேயாமல் இருக்க முயல்கிறது. மைனர் எங்கே தேய வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்துச் செய்யப்பட்டது. இன்றைய காரின் முன்சில்லு மூட்டுகள் ஆயுளுக்கும் மூடி முத்திரையிடப்பட்டவை. பழுதானால் முழுதாக மாற்றுவார்கள். மைனரின் மூட்டில் கிறீஸ் நிப்பிள் இருக்கிறது, அதற்கு ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்கக் கைநூல் சொல்கிறது. தேயும் இடமெல்லாம் ஒரு திருகும் அதற்கொரு எண்ணும் உண்டு. பிறேக் தேய்ந்தால் திருகு, வால்வு இடைவெளி மாறினால் திருகு, பொயின்ற் தேய்ந்தால் திருகு. அதாவது அந்தத் திருகைத் திருப்பும் ஆளையும் சேர்த்தே கார் கணக்கிடப்பட்டிருக்கிறது. அந்த ஆள் பத்து வருடம் வராதுவிட்டால் கார் கெட்டுப்போனதாகத் தோன்றும். உண்மையில் அது தன் ஒரு பாகம் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதைப் பொருளாதாரக் கணக்காகவே எழுதியவர் இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர். நீடித்துழைக்கும் காரை உடைமையாக வைத்திருப்பது பற்றி 1982இல் அவர் வெளியிட்ட நூலின் சாரம், தேயும் பாகத்தை ஒவ்வொன்றாகப் புதுப்பித்துக்கொண்டே போகும் கார், விலை இறங்கிக்கொண்டே போகும் புதுக் காரைவிட மலிவு என்பதுதான். அதே வெயரின் முயற்சியில் 1990களில் மைனரின் தகட்டுப் பாகங்கள் இலங்கையில் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. கையால் தகடு அடிக்கும் திறமை இங்கே அழியாமல் இருந்ததே அதற்குக் காரணம். ஆக, "சாமான் கிடைக்காது, அதனால்தான் மாற்றுகிறோம்" என்ற சாட்டு மைனருக்குப் பொருந்தாது. உதிரிப்பாகம் இன்றும் புதிதாகச் செய்யப்படும் பழைய கார்களில் இது முன்வரிசையில் நிற்கிறது.

எஞ்சின் சொல்லும் எண்கள்

"இழுக்குதில்லை" என்ற முறைப்பாட்டை முதலில் எடுப்போம். 48 குதிரைவலு என்பது இன்றைய கணக்கில் சிறிதுதான். ஆனால் உங்கள் எஞ்சின் அந்த 48ஐத் தருகிறதா என்பதே முதற் கேள்வி. அதற்கு விடை தேடும் வேலைக்கு ஒரு வரிசை உண்டு, அதைக் குழப்பினால் செய்ததெல்லாம் வீண். முதலில் வால்வு இடைவெளி, அடுத்து பிளக்கும் பொயின்ற்றும், அதன்பின் தீப்பொறி நேரம், கடைசியில்தான் காபரேற்றர். பலர் கடைசியில் வரவேண்டியதை முதலில் தொடுகிறார்கள், ஏனென்றால் அதன் திருகு கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது.

வால்வு இடைவெளி எஞ்சின் குளிர்ந்திருக்கையில் 0.012 அங்குலம். நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டு, நான்காம் கியரில் காரை மெல்லத் தள்ளினால் எஞ்சின் இலகுவாகச் சுற்றும். எட்டு வால்வுகளை முன்னிருந்து எண்ணுங்கள். ஒரு வால்வு முழுதாகத் திறந்து நிற்கும்போது ஒன்பதிலிருந்து அதன் எண்ணைக் கழித்தால் எது வருகிறதோ அந்த வால்வை அளக்கலாம். எட்டாவது திறந்திருந்தால் முதலாவது, மூன்றாவது திறந்திருந்தால் ஆறாவது. தகடு சிறு இழுவையோடு வழுகிப்போக வேண்டும். டிக் டிக் என்ற சத்தத்தை அடக்குவதற்காக இதைவிட இறுக்கி வைப்பது வழக்கமான தவறு. இடைவெளி கூடினால் சத்தம் கேட்கும், கொஞ்சம் வலு குறையும், அவ்வளவுதான். இடைவெளி இல்லாமற் போனால் வால்வு தன் இருக்கையில் முழுதாக அமராது, சூட்டை இறக்க வழியின்றி விளிம்பு எரியும். சத்தமில்லாத எஞ்சின் என்று மகிழ்ந்தவர் சில மாதத்தில் ஹெட்டைக் கழற்றுவார்.

அடுத்து பிளக் 0.025 அங்குலம், பொயின்ற் 0.014 முதல் 0.016 அங்குலம் வரை. பொயின்ற்றின் குதி தேயத் தேய இடைவெளி சுருங்கும். சுருங்கச் சுருங்கத் தீப்பொறி பிந்தும். ஆகவே பொயின்ற்றைச் சரிசெய்யாமல் தீப்பொறி நேரத்தைத் தொடுவது, நிறுக்கும் தராசை நேராக்காமல் அரிசி நிறுப்பதற்குச் சமம். டிஸ்ரிபியூற்றரிலிருந்து வரும் வெற்றிடக் குழாயின் மறுமுனையை வாயால் உறிஞ்சிப் பாருங்கள். உள்ளே தகடு அசைந்து, உறிஞ்சல் பிடித்து நிற்க வேண்டும். காற்று இலேசாக வந்தால் உள்ளிருக்கும் சவ்வு கிழிந்திருக்கிறது. அந்தக் கார் சாதாரண ஓட்டத்தில் வேண்டிய தீப்பொறி முன்னேற்றம் இல்லாமல் பெற்றோலைக் குடித்துக்கொண்டிருக்கும். இவ்வளவும் முடிந்த பிறகு எஸ்யூ காபரேற்றருக்கு வாருங்கள். அதன் மேற்கிண்ணத்தில் இலேசான எஞ்சின் ஒயில் இருக்கிறதா என்று பார்த்து, எஞ்சின் சூடான பின் பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக உயர்த்துங்கள். ஓட்டம் கூடி அப்படியே நின்றால் கலவையில் பெற்றோல் கூட. தடுமாறி நிற்கப் பார்த்தால் குறைவு. ஒருகணம் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி.

இதற்குப் பிறகும் இழுக்காவிட்டால் அமுக்க அளவுகோலைப் போடுங்கள். நான்கு சிலிண்டர்களும் ஒன்றுக்கொன்று பத்து வீதத்துக்குள் நிற்க வேண்டும். ஒன்று மட்டும் விழுந்திருந்தால் பிளக் துவாரத்தால் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளங்கள். எண் உயர்ந்தால் ரிங் தேய்வு, உயராவிட்டால் வால்வுப் பழுது. இந்த இரண்டுக்கும் திருத்தச் செலவு வேறு வேறு. ஒரு கரண்டி ஒயில் அந்த வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறது. பெரிய எஞ்சினுக்குப் பணம் சேர்க்கத் தொடங்குவதற்கு முன் இந்த ஒரு பிற்பகல் வேலையைச் செய்யாமல் இருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

சூடும் தண்ணீரும்

கடுகண்ணாவை ஏற்றத்தில் கொதிக்கும் மைனருக்குப் பெரும்பாலும் சொல்லப்படும் பரிகாரம் தேர்மோஸ்ரற்றை அகற்றுவது. அது ஏன் தவறு என்பதை ஒரு பானைத் தண்ணீரே காட்டும். தேர்மோஸ்ரற்றைக் கழற்றி வெப்பமானியோடு தண்ணீரில் இட்டுச் சூடாக்குங்கள். அதில் பொறித்த வெப்பநிலையில் திறந்து, கொதிக்கும் முன் முழுதாக விரிந்தால், ஏற்றத்தில் கார் கொதித்தபோதும் அது திறந்தேதான் இருந்தது. திறந்த கதவைக் கழற்றி வீசியதால் வழி அகலப்போவதில்லை. மாறாக, சமதரையில் எஞ்சின் என்றைக்கும் குளிர்ந்தே ஓடும். குளிர்ந்த எஞ்சினில் பெற்றோல் முழுதாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரைக் கழுவி ஒயிலோடு கலக்கும். வருடத்தில் சில நாள் வரும் ஏற்றத்துக்காக மற்ற நாளெல்லாம் எஞ்சினைத் தேய்ப்பது கெட்டித்தனம் ஆகாது.

உண்மையான காரணங்கள் வேறிடத்தில் இருக்கும். பிந்திய தீப்பொறி ஒன்று: எரிதல் பிந்தினால் வலுவாக மாறவேண்டிய வெப்பம் சிலிண்டர் சுவருக்கும் புகைக்குழாய்க்கும் போகிறது. ரேடியேற்றர் மூடி இன்னொன்று. 7 இறாத்தல் அமுக்க மூடி நன்றாக இருந்தால் தண்ணீர் ஏறத்தாழ 111 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. அதன் றப்பர் கெட்டுவிட்டால் 100 பாகையிலேயே கொதிக்கும். பதினொரு பாகை என்பது ஏற்றத்தின் உச்சிக்குப் போவதற்கும் வழியில் நிற்பதற்கும் இடையிலான தூரம். மூன்றாவது காரணம் தண்ணீர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணக்கல்லுக்கூடாக ஊறி வருவது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவு எஞ்சினுக்குள்ளும் படிகிறது. அதோடு வார்ப்பிரும்பின் கறளும் சேர்ந்து, ரேடியேற்றருக்கு மிகத் தொலைவில் இருக்கும் நான்காம் சிலிண்டரைச் சுற்றி சேறாக இறுகுகிறது. வடிக்கும் குழாயைத் திறந்தும் ஒன்றும் வராவிட்டால் சேறு அதுவரை ஏறிவிட்டது என்று பொருள். கம்பியால் குத்தி, எதிர்த்திசையில் தண்ணீர் பாய்ச்சிக் கழுவி, பின்னர் காய்ச்சி வடித்த நீரோடு கூலன்ற் கலந்து ஊற்றுங்கள். நமது நாட்டில் தண்ணீர் உறையாதே, கூலன்ற் எதற்கு என்று கேட்பவர்கள் அதன் இரண்டாவது வேலையை மறக்கிறார்கள். அது கறளைத் தடுக்கிறது. நமக்கு அதுவே முதல் வேலை.

நிறுத்தமும் முன்சில்லும்

பிறேக் பெடலே தன் நோயைச் சொல்லும். ஒருமுறை மிதித்தால் தாழ்ந்தும், உடனே மறுமுறை மிதித்தால் உயர்ந்தும் நின்றால் சூக்கள் டிரம்மிலிருந்து விலகியிருக்கின்றன. பஞ்சுபோல் அமிழ்ந்தால் குழாயில் காற்று. மிதித்துப் பிடித்திருக்கையில் மெல்ல மெல்ல இறங்கினால் மாஸ்ரர் சிலிண்டரின் றப்பரோ வேறொரு மூட்டோ கசிகிறது. முதல் நோய்க்கு மருந்து ஒரு திருகாணிச் சாவி மட்டுமே. முன்சில்லு ஒவ்வொன்றுக்கும் இரண்டு சரிசெய்யும் திருகுகள், பின்சில்லுக்கு ஒன்று. சில்லைச் சுழற்றி டிரம்மின் துவாரத்தைத் திருகுக்கு நேரே கொண்டுவந்து, டிரம் இறுகும்வரை திருப்பி, ஒரு பல் பின்வாங்குங்கள். முன்சில்லில் இரண்டில் ஒன்றை மட்டும் சரிசெய்துவிட்டு விடுபவர்கள் ஏராளம். அந்தக் கார் ஒருபக்கம் இழுக்கும், அதற்கும் பழி டிரம்மின் மேலேயே விழும். மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடியில் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. விரிப்பைத் தூக்கினால்தான் அதன் மூடி தெரியும். கண்ணில் படாததால் அதன் எண்ணெய் வருடக்கணக்கில் மாற்றப்படுவதில்லை. பிறேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவது; நம்முடையது ஈரமான நாடு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். சூக்களின் தூசியை ஒருபோதும் ஊதாதீர்கள். பழைய சூக்களில் கல்நார் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்துப் பொதிசெய்து அப்புறப்படுத்துங்கள்.

முன்சில்லைப் பற்றி ஒரு எச்சரிக்கையைத் தனியாகச் சொல்லவேண்டும். சில்லைத் தாங்கும் செங்குத்துக் கால் மேலும் கீழும் புரியிட்ட மூட்டுகளில் திரும்புகிறது. கீழ்மூட்டின் புரி தேய்ந்து தீர்ந்தால் கால் கழன்று, சில்லு காருக்கு அடியில் மடிந்துவிடும். இந்தக் காரின் மிகப் பெரிய ஆபத்து இதுதான், அதைத் தடுப்பது கிறீஸ் மட்டுமே. காரை உயர்த்தி, சில்லின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கிறீஸ் அடிக்கும்போதும் சில்லு தரையில் இருக்கக் கூடாது. பாரம் தாங்கும் பக்கத்துக்குக் கிறீஸ் போக, பாரம் இறங்கியிருக்க வேண்டும். ஜக்கை மட்டும் நம்பி எவரும் காருக்கு அடியில் போகவேண்டாம். இரும்புத் தாங்கிகளில் காரை இறக்கிய பின்பே தலையை உள்ளே விடுங்கள்.

சொல்லப்படும் மறுப்புகள்

முதல் மறுப்பு: அனுபவமுள்ள பாஸ் இருக்கும்போது நாம் ஏன் கையைக் கறையாக்க வேண்டும்? அவர் இருந்தால் அது பாக்கியம்தான், அவரிடமே போங்கள். ஆனால் எண்களோடு போங்கள். "இழுக்குதில்லை" என்று சொல்லிக் காரை விட்டால் அவர் எங்கிருந்தும் தொடங்கலாம். "மூன்றாம் சிலிண்டரின் அமுக்கம் விழுந்திருக்கிறது, ஒயில் விட்டும் உயரவில்லை" என்று சொன்னால் அவர் நேரே ஹெட்டுக்குப் போவார், உங்கள் பணமும் அவர் நேரமும் மிஞ்சும். அளப்பது கராஜுக்குப் போட்டி அல்ல. கணினியை மாட்டிப் பழுது கண்டுபிடிக்கப் பழகிய இளைய மெக்கானிக்கு எஸ்யூ காபரேற்றர் அந்நியமானது. அவருக்கு உங்கள் எண்களே வழிகாட்டி.

இரண்டாவது மறுப்பு கனமானது. இன்றைய போக்குவரத்தில் முன்னால் போகும் கார் டிஸ்க் பிறேக்கோடு நிற்கும்போது, பின்னால் வரும் மைனர் டிரம்மோடு என்ன செய்யும்? இதற்கு விடை சொல்ல, பிறேக் என்ன செய்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். காலியான உலர்ந்த தரையில் சரிசெய்த டிரம்களால் சில்லைப் பூட்டிவிட முடிந்தால், அந்த ஒரு நிறுத்தத்தின் எல்லை ரயரின் பிடி. பிறேக்கை மாற்றினாலும் அது மாறாது. அங்கே காசு போகவேண்டிய இடம் ரயர். ரயரின் பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்கம் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். தடம் தேயாமலேயே றப்பர் இறுகிப்போன ரயர்கள் பழைய கார்களில் சாதாரணம். டிஸ்க்கின் உண்மையான நன்மை இன்னொன்று: நீண்ட இறக்கத்தில் திரும்பத் திரும்ப மிதிக்கும்போது டிரம் சூடேறிப் பிடி இழக்கும், டிஸ்க் இழப்பது குறைவு. ஆகவே மலைநாட்டுக்கு அடிக்கடி போகிறவருக்கு டிஸ்க் நியாயமான மாற்றம். வெற்றிட சேர்வோ மட்டும் பூட்டுவது காலின் பாரத்தைக் குறைக்குமே தவிர, டிரம் தாங்கும் சூட்டை ஒரு பாகைகூடக் கூட்டாது.

மூன்றாவது மறுப்பு யாழ்ப்பாணத்துக்கே உரியது. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் இல்லாதபோது, ஒஸ்டினும் மொரிசும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அப்படி ஓடிய எஞ்சினுக்கு ஆயிரத்தில் இரண்டு அங்குலம் ஒரு கணக்கா என்று கேட்பார்கள். ஆனால் அந்த அனுபவம் சொல்வது நேர்மாறானது. குளிர்ந்த நிலையில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்று தெரிந்ததால்தான் முதலில் பெற்றோல் விட்டுச் சூடாக்கினார்கள். ஏ வரிசை எஞ்சினின் அமுக்க விகிதம் தாழ்வானது. 948 சீசீ எஞ்சின் 7.2, 8.3 என்ற இரு விகிதங்களில் வந்தது. தட்டிக்கொண்டாவது அது ஓடியதற்கு அதுவே காரணம். எரியாத மண்ணெண்ணெய் ஒயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்தது. ஆகவே அந்தக் காலத்தின் பாடம், எஞ்சினுக்கு என்ன வேண்டும் என்று துல்லியமாக அறிந்தவர்களால் மட்டுமே அதற்கு வேறொன்றைக் கொடுத்து ஓட்ட முடியும் என்பதுதான். அது அளவைப் புறக்கணித்தவர்களின் கதை அல்ல.

நான்காவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது: தொழிற்சாலையில் எப்படி வந்ததோ அப்படியே வைத்திருப்பதுதான் மரியாதை, எந்த மாற்றமும் பாவம். காட்சிச்சாலையில் வைக்கும் காருக்கு இது சரி. ஓடும் காருக்கு இதைச் சொல்பவர்கள், தொழிற்சாலையே தன் காரை மாற்றிக்கொண்டிருந்ததை மறக்கிறார்கள். கதவுத்தூணிலிருந்து கைபோல் நீளும் திசைகாட்டியை 1961இல் மினுங்கும் விளக்கால் மாற்றியது தொழிற்சாலைதான். எஞ்சின் 1098 சீசீ ஆனபோது முன் டிரம்மை ஏழு அங்குலத்திலிருந்து எட்டு அங்குலமாக்கியதும் அதுவே. வலுவைக் கூட்டியவர்கள் நிறுத்தத்தையும் கூடவே கூட்டினார்கள் என்பதில் நாம் கற்க வேண்டியது இருக்கிறது.

மிஞ்சும் குறைகளும் அவற்றின் வரிசையும்

காரை அளவுக்குக் கொண்டுவந்த பின்னும் சில குறைகள் நிற்கும், ஏனென்றால் அவை தேய்வால் வந்தவை அல்ல. உலகம் மாறியதால் வந்தவை. மோதினால் ஆளைப் பிடித்துவைக்க ஆசனப்பட்டி இல்லாத மைனர்கள் உண்டு. எஞ்சினுக்கு எதையும் செய்வதற்கு முன் பட்டிகளைப் பலமான இடத்தில் பூட்டுங்கள். பிறேக் ஒரே சுற்றானது. எங்கே ஒரு குழாய் வெடித்தாலும் நான்கு சில்லும் பிறேக்கை இழக்கும், மிஞ்சுவது கேபிளில் இயங்கும் கைப்பிறேக் மட்டுமே. எவ்வளவு அளந்தாலும் இந்தக் குறை தீராது, ஆகவே இரட்டைச் சுற்று மாஸ்ரர் சிலிண்டர் மதிப்புள்ள மாற்றம். ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002இல் நின்றது. ஈயம் வால்வு இருக்கைக்கு மெத்தைபோல் இருந்தது. அது இல்லாதபோது புகைவால்வின் இருக்கை மெல்லத் தேய்ந்து வால்வு உள்ளே அமிழ்கிறது. இதற்குக் கடினமான இருக்கை வளையம் இறக்குவதே தீர்வு. ஆனால் அதற்காக மட்டும் ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை, அடுத்தமுறை வேறு காரணத்துக்குக் கழற்றும்போது செய்யலாம். அதுவரை பீலர் கேஜே காவல். 1, 4, 5, 8 ஆகியவை புகைவால்வுகள். அவற்றின் இடைவெளி அளக்கும்தோறும் சுருங்கிக்கொண்டே போனால் இருக்கை அமிழ்கிறது என்று அறியலாம்.

விளக்கை எடுத்தால் மாற்றம் ஒரு சங்கிலி என்பது விளங்கும். 60 வற் ஹலோஜன் பல்ப் இரண்டு பூட்டினால் 12 வோல்ற்றில் 10 அம்பியர். கொயில், வைப்பர், பின்விளக்கு எல்லாவற்றையும் சேர்த்தால் 20 அம்பியரை நெருங்கும். பிந்திய மைனரின் டைனமோ முழு வேகத்தில் தருவது 22 அம்பியர்; நின்று நின்று போகும் நெரிசலில் ஏறத்தாழ ஒன்றுமே தராது. மழை இரவில் பற்றரி இறங்குவது அதனால்தான். அதற்கு அல்ரனேற்றர் போட்டால், நேர்முனை உடலோடு இணைந்த காரை எதிர்முனைக்கு மாற்ற வேண்டும். கொயில் இணைப்பு திரும்பும். வானொலி இருந்தால் எரியும். ஆகவே முதலில் செய்யவேண்டியது எளியது: எஞ்சினையும் உடலையும் இணைக்கும் பட்டையைச் சுத்தமாக்குங்கள். ஸ்ராட்டர் சுற்றும்போது எஞ்சின் கட்டைக்கும் பற்றரியின் உடல்முனைக்கும் இடையில் அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் அந்தப் பட்டையே குற்றவாளி. பிறகு முன்விளக்குக்கு ரிலே போடுங்கள். பழைய சுவிச்சில் தொலைந்துகொண்டிருந்த வோல்ற் விளக்குக்குப் போய்ச்சேரும். இது போதாவிட்டால் அல்ரனேற்றரை எண்ணலாம். எலெக்ரோனிக் இக்னிஷனும் இப்படித்தான். தேயாது என்பதால் நல்லது. ஆனால் பொயின்ற் சொல்லிவிட்டுத்தான் கெடும், வழியோரத்தில் உரசி ஓட்டலாம். இது சொல்லாமல் நிற்கும். போடுங்கள், கழற்றிய பொயின்ற் தட்டை டிக்கியில் வைத்திருங்கள்.

எஞ்சின் மாற்றம் கடைசி. 1275 சீசீ ஏ வரிசை எஞ்சின் மைனருக்குள் அடங்கும் என்பது உண்மை. ஆனால் அது தரும் கூடுதல் வலுவை 948இன் கியர்பொக்ஸும் பின் அச்சின் அரைத்தண்டும் தாங்கவேண்டும், அவை தாங்காது. கிளச், குளிரூட்டல், பிறேக் எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எஞ்சின் இலக்க மாற்றத்தையும் பதியவேண்டும். அதோடு, பெரும்பாலானவர்களுக்கு உண்மையில் வேண்டியது வலுவே அல்ல, மணிக்கு 80 கிலோமீற்றரில் எஞ்சின் கத்தாமல் இருப்பதுதான். 948 சீசீ மைனரின் பின் அச்சு விகிதம் 4.55, 1098இனது 4.22. 1098இன் அச்சு உள்ளீட்டை இட்டாலே அதே வேகத்தில் எஞ்சின் நூற்றுக்கு ஏழு சுற்றுக் குறைவாகச் சுற்றும். ஏற்றத்தில் கொஞ்சம் முன்னதாகக் கியர் இறக்க வேண்டும் என்பதே அதன் விலை. என்ன வேண்டும் என்பதையும் அளந்து பார்த்தால் மாற்றம் சிறியதாகிவிடுகிறது.

சட்டத்தில் கறள் பிடித்த இடத்தை ஒட்டுவதும், முறுக்குத்தண்டின் பாரத்தை இறக்குவதும் இந்த நூலை வைத்துக்கொண்டு தனியாகச் செய்யும் வேலை அல்ல. மற்றவற்றுக்கு எல்லாம் கருவிகளோடு ஒரு கொப்பி வேண்டும். திகதி, ஓடிய தூரம், எட்டு வால்வின் இடைவெளி, நான்கு சிலிண்டரின் அமுக்கம், கிறீஸ் அடித்த நாள் என்று ஐந்து நிரல் போதும். முதல் பக்கத்தில் அது வெறும் எண்கள். மூன்றாம் வருடத்தில் ஐந்தாம் வால்வின் இடைவெளி 12, 11, 9 என்று இறங்கி வருவதைக் காண்பீர்கள். கார் இன்னும் நன்றாகவே இழுத்துக்கொண்டிருக்கும். சத்தம் முன்னைவிடக் குறைந்திருக்கும். ஓட்டுகிறவருக்கு ஒரு குறையும் தெரியாது. ஹெட்டைக் கழற்றி இருக்கை வளையம் இறக்கவேண்டிய நேரம் அதுதான்.